மேலிடத்து உத்தரவு

போன வாரம் காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். வாத்தியார் கைபேசியை எடுத்து, "சார், இதைக் கேளுங்க, கண்ணுல தண்ணி வந்துடும்" என்று வாட்ஸப்பில் வந்த ஒரு கதையை உரக்கப் படித்தார்.

கதை உண்மைதான், நானும் முன்பே படித்திருக்கிறேன். 1942 மார்ச் மாதம், ஜாவாக் கடல். 'என்கவுண்டர்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜப்பானியர் முதல் நாள் மூழ்கடித்துவிட்டார்கள். தப்பிய மாலுமிகள் எண்ணெய் படிந்த தண்ணீரில் இரவெல்லாம் மிதக்கிறார்கள். மார்ச் 2 அன்று 'இகாசுச்சி' என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அந்தப் பக்கம் வருகிறது. சுடப்போகிறார்கள் என்றே மிதந்தவர்கள் நினைக்கிறார்கள். கப்பலின் தளபதி குதோ ஷுன்சாக்கு ஏணியையும் கயிற்றையும் இறக்கச் சொல்கிறார். நீர்மூழ்கிகள் திரியும் கடலில் கப்பலை நிறுத்தி, தன் ஆட்களைவிட இருமடங்கு எதிரிகளை, நானூறு பேருக்கும் மேல், ஏற்றிக்கொள்கிறார். தண்ணீர் கொடுத்து, எண்ணெயைத் துடைத்து, உடையும் கொடுக்கிறார். மறுநாள் ஒரு மருத்துவக் கப்பலில் அவர்களை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். போருக்குப் பிறகும் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 1979இல் காலமானார். அன்று மீட்கப்பட்டவர்களில் ஒருவரான சாம் ஃபால், பின்னாளில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், தள்ளாத வயதில் ஜப்பானுக்குப் போய் அவரைத் தேடினார். அதன் பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

வாத்தியார் படித்து முடித்ததும் எங்கள் வங்கி நண்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலத்து ஜப்பான் கடற்படைன்னா அப்படித்தான் சார். வீரன்னா வீரன். இப்ப எங்க பார்க்கமுடியும்?" என்றார்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. குதோ செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவர் செய்த நல்லதை அவரோடு சேர்ந்து சீருடை போட்ட அத்தனை பேர் கணக்கிலும் வரவு வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். "மயுசுமி என்று ஒருத்தரைத் தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வங்கி நண்பர், "பாவம் சார் அந்த மனுஷன். உத்தரவு. அவன் என்ன பண்ணுவான்?" என்றார். மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

நான் கத்திவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் விஷயம் கேள்விப்பட்ட என் மனைவி, "எண்பது வருஷத்துக்கு முந்தி செத்தவங்களுக்காக உங்களுக்கு எதுக்கு பிளட் பிரஷர்?" என்றாள். நியாயமான கேள்விதான். பூங்காவில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கடைசிவரை படித்தால் எதற்கு என்று புரியும்.

மயுசுமி ஹருவோ. எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியில் படித்தவர். குதோவும் அதே கல்லூரிதான், சில ஆண்டுகள் இளையவர். மயுசுமி பீரங்கித் துறையில் தேர்ந்தவர், மூளைக்காரர். 1942இல் 'அகிட்சுஷிமா' என்ற கடல்விமானத் துணைக்கப்பலுக்குத் தளபதியாக இருந்தபோது, எதிரியின் கண்ணுக்குத் தப்பிக்க அதற்கு விசித்திரமான பட்டை வண்ணங்கள் பூசவைத்தார். அந்தப் படங்களைக் கப்பல் பிரியர்கள் இன்றும் ரசித்துப் பார்க்கிறார்கள். 1943 டிசம்பரில் அவருக்கு 'தோனே' என்ற கனரக குரூசர் கப்பல் கிடைத்தது.

இந்தத் தோனே நமக்கு அந்நியமான கப்பல் இல்லை. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பையும், 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கிய நகுமோவின் படையில் இதுவும் வந்தது. அந்தப் பெரும்படை வங்கக் கடல் பக்கம் வருகிறது என்ற பயத்தில்தான் சென்னைப் பட்டணம் காலியானது. எங்கள் தாத்தா வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பித்தளை அண்டாவை மட்டும் தூக்கிக்கொண்டு ரயிலேறினதாகப் பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். அந்தக் காலத்தில் தோனேக்குத் தளபதி வேறொருவர். மயுசுமி வந்தது அதன்பிறகு.

1944 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் மூன்று ஜப்பானியக் குரூசர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. அவோபா, சிக்குமா, தோனே. சரக்குக் கப்பல்களை வேட்டையாடுவது, முடிந்தால் உயிரோடு பிடித்து வருவது நோக்கம். தலைமை ரியர் அட்மிரல் சகோஞ்சு நவோமசா. அவர் இருந்தது அவோபாவில். மார்ச் 9 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'பெஹார்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தோனேயின் கண்ணில் பட்டது. புதிய கப்பல். அதன் சிப்பந்திகளில் நம் நாட்டவரும் இருந்தார்கள். தோனே சுட்டது, பெஹார் மூழ்கியது. படகுகளில் இறங்கிய நூறு பேருக்கும் மேற்பட்டவர்களை மயுசுமி தன் கப்பலில் ஏற்றிக்கொண்டார்.

இதுவரை குதோவின் கதையும் இதுவும் ஒன்றேதான். கடலில் கிடந்தவனைத் தூக்கியாயிற்று.

கைதிகள் இருக்கிறார்கள் என்று மயுசுமி தலைமைக் கப்பலுக்குத் தகவல் அனுப்பினார். சகோஞ்சு கோபப்பட்டார். இத்தனை பேரை எதற்கு ஏற்றினாய், தகவல் கறக்க வேண்டிய சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தீர்த்துவிடு என்பதே பதிலின் சாரம். மயுசுமிக்கு மனம் ஒப்பவில்லை. கரையில் இறக்கிவிடுகிறேனே என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது. மார்ச் 15ஆம் தேதி கப்பல்கள் பத்தாவியாவின் துறைமுகமான தஞ்சோங் பிரியோக் போய்ச் சேர்ந்தன. இன்றைய ஜகார்த்தா. மயுசுமி நேரிலேயே அவோபாவுக்குப் போய் மறுபடியும் கேட்டார். மறுபடியும் முடியாது. கைதிகளில் ஒரு சிறு பகுதியினர் அங்கே இறக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கப்பலிலேயே இருந்தார்கள்.

மார்ச் 18 அன்று தோனே சிங்கப்பூருக்குப் புறப்பட்டது. அன்றிரவு ஜாவாக் கடலில், கப்பலின் மேல்தளத்தில், கைதிகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தலையை வெட்டிக் கடலில் தள்ளினார்கள். அறுபத்தைந்துக்குக் குறையாத பேர். ஒன்பது நாள் அதே கப்பலில் சோறு தின்றவர்கள்.

அதே ஜாவாக் கடல். அதே மார்ச் மாதம். இடையில் இரண்டே ஆண்டுகள். குதோ ஏணி இறக்கிய தண்ணீரில்தான் மயுசுமியின் கப்பல் பிணங்களைத் தள்ளியது.

அதற்குப்பின் மயுசுமியின் உத்தியோகத்தில் எந்தக் குறையும் வரவில்லை. ஜூனில் பிலிப்பைன் கடல் சண்டையிலும் அக்டோபரில் லெய்ட்டே வளைகுடா சண்டையிலும் தோனேயை அவரே நடத்தினார். போர் முடிந்து 1947இல் ஹாங்காங்கில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் சகோஞ்சுவையும் மயுசுமியையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தது. மயுசுமி, சகோஞ்சுவின் உத்தரவு என்றார். சகோஞ்சு, தனக்கும் மேலே தென்மேற்குப் பகுதிக் கடற்படையின் தலைமையிலிருந்து வந்த உத்தரவு என்றார். அந்தத் தலைமையில் இருந்த அட்மிரல் தக்காசுவோ 1944 செப்டம்பரிலேயே நோயில் இறந்துவிட்டார். உத்தரவு என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால் கடைசியில் ஒரு சமாதிதான் இருந்தது. சகோஞ்சுவுக்குத் தூக்கு, 1948 ஜனவரி 21இல் நிறைவேற்றினார்கள். மயுசுமிக்கு ஏழு ஆண்டு சிறை. கெஞ்சிப் பார்த்தார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தண்டனை முடிந்து வெளியே வந்து நெடுங்காலம் வாழ்ந்தார்.

இதைக் கேட்டுத்தான் எங்கள் பூங்கா நீதிமன்றம் "பாவம்" என்றது. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம், "இராணுவத்தில் உத்தரவை மீற முடியாது. மீறினால் சுட்டுவிடுவான்."

இது நாம் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட சட்டம். தோனேயிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மயுசுமிக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி மீயி என்பவர். கைதிகளைக் கொல்லும் வேலையில் பங்கெடுக்கமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். மறுத்ததற்காக அவரைத் தளத்தில் நிறுத்தி யாரும் சுடவில்லை. வேலையை வேறு அதிகாரிகள் செய்தார்கள். அதே கப்பல், அதே உத்தரவு, மயுசுமியைவிடச் சின்னப் பதவி. அவரால் முடியாது என்று சொல்ல முடிந்திருக்கிறது. கப்பலுக்கே தலைவனாக இருந்தவரால் ஏன் முடியவில்லை?

கையில் நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நடுக்கடலில், சண்டைக்கு நடுவில், ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவில்லை இது. துறைமுகத்தில் மூன்று நாள் கப்பல் நின்றிருக்கிறது. கரையில் கைதி முகாம்கள் இருந்தன. சிலரை இறக்கிய அதே பலகையில் மற்றவர்களும் இறங்கியிருக்கலாம். இறக்கிவிட்டிருந்தால் மயுசுமிக்கு என்ன நடந்திருக்கும்? விசாரணை வந்திருக்கலாம். கப்பல் பறிபோயிருக்கலாம். பதவி உயர்வு நின்றிருக்கலாம். தராசின் ஒரு தட்டில் இவை. இன்னொரு தட்டில் அறுபத்தைந்து தலைகள். அவர் எந்தத் தட்டைத் தாழ்த்தினார் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாம் காரணம், "ஜெயித்தவன் நடத்தின கோர்ட்டு சார். அவன் செய்யாத அக்கிரமமா?"

இதில் பாதி சரி. முழுவதுமே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களின் ரத்தமும் இருக்கிறது. 1943 ஜனவரி 26 அன்று 'வாஹூ' என்ற அமெரிக்க நீர்மூழ்கி, 'புயோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. பிறகு மேலே வந்து, படகுகளை நோக்கிச் சுட்டது. அந்தக் கப்பலில் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். அந்தச் சம்பவத்தில் 195 இந்தியர்கள் இறந்தார்கள். அந்த நீர்மூழ்கியின் தளபதி மார்ட்டனுக்குக் கிடைத்தது தண்டனையில்லை, பதக்கம். அதே ஆண்டு மார்ச்சில் பிஸ்மார்க் கடலில் நேச நாட்டு விமானங்கள் தண்ணீரில் தத்தளித்த ஜப்பானியரைச் சுட்டுத் தள்ளின. அதற்கும் யாரும் கூண்டில் நிற்கவில்லை.

ஆக, ஹாங்காங் கூண்டில் நின்றிருக்க வேண்டியவர்கள் இன்னும் பலர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு "மார்ட்டனையும் விசாரித்திருக்க வேண்டும்" என்பது. "மயுசுமியை விட்டிருக்க வேண்டும்" என்பதில்லை. பக்கத்து வீட்டுத் திருடனை விட்டுவிட்டார்கள் என்பதற்காக என் வீட்டுத் திருடன் யோக்கியனாகிவிடமாட்டான். கூண்டுக்கு வராதவன் பெயரைச் சொல்லிக் கூண்டில் நிற்பவனை வெளியே கூட்டிவரும் இந்தத் தந்திரத்தை நாம் எல்லா விஷயத்திலும் செய்கிறோம். உள்ளூர் அரசியல் பேசும்போது கவனித்துப் பாருங்கள்.

ஜப்பானியர் வழக்கமே அப்படி, அவர்களுக்குக் கைதி என்றால் கேவலம், வளர்ப்பு அப்படி என்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் அரைகுறை. 1904இல் ரஷ்யாவோடு நடந்த போரில், உல்சானுக்கு அப்பால் 'ரூரிக்' என்ற ரஷ்யக் கப்பல் மூழ்கியபோது, அட்மிரல் கமிமுரா அறுநூறு பேருக்கும் மேற்பட்ட எதிரி மாலுமிகளைக் கடலிலிருந்து எடுத்தார். ஜப்பானில் அவர்மேல் பாட்டே கட்டிப் பாடினார்கள். கடலில் விழுந்தவன் எதிரியில்லை என்ற பாடம் அந்தக் கடற்படைக்குப் புதியதில்லை. மயுசுமி படித்த காலத்தில் அது பதினைந்து வருஷத்துக்கு முந்திய பெருமை. தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

மூன்றாம் காரணம்தான் என்னைக் கத்தவைத்தது. "அவர்தான் இரண்டு தரம் கெஞ்சினாரே சார்! நல்ல மனசுதானே?"

நல்ல மனசு. ஆமாம். சகோஞ்சுவுக்கு அது இல்லை, மயுசுமிக்கு இருந்தது. அதனாலேயே சொல்கிறேன், மயுசுமியின் குற்றம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. தப்பு என்று தெரியாமல் செய்கிறவன் ஒரு ரகம். அவனுக்கு யாராவது சொல்லித்தரலாம். தப்பு என்று தெரிந்து, வாய்விட்டுச் சொல்லி, நேரில் போய் மன்றாடி, பிறகு திரும்பி வந்து அதையே நிறைவேற்றுகிறவனை என்ன செய்வது? அவனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்தவன்.

அந்தக் கெஞ்சல் யாருக்கு உதவியது? கைதிகளில் பெரும்பாலோருக்கு உதவவில்லை, அவர்கள் செத்தார்கள். மூன்று வருஷம் கழித்து மயுசுமிக்கு உதவியது. தூக்குக் கயிற்றை ஏழு ஆண்டாக மாற்றியது. அன்று கெஞ்சும்போது அவர் அதை நினைத்துக் கெஞ்சினார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே கெஞ்சியிருப்பார். ஆனால் கெஞ்சி முடித்ததும் மனசுக்குள் ஒரு கணக்கு முடிந்துவிடுகிறது. "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி மேலே இருப்பவன் பாடு." அந்த இடம்தான் ஆபத்தான இடம். கொடியவர்கள் கொஞ்சம் பேர்தான் எப்போதும். அவர்கள் சொன்னதெல்லாம் நடந்தது, இப்படிக் கணக்கு முடித்துக்கொண்ட நல்லவர்களால்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அப்படி ஒரு கணக்கு முடித்தவன். என் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வருவாய்த் துறையில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஏரிக்கரைப் புறம்போக்கில் இருபது இருபத்தைந்து குடிசைகள். அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. சட்டப்படி சரியான உத்தரவுதான். ஆனால் அது ஐப்பசி மாதம், அடைமழை. மாற்று இடம் காட்டவில்லை. பொங்கல் கழியும் வரை தள்ளிவைக்கலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். நல்ல குறிப்பு. அரைப் பக்கம், காரண காரியங்களோடு. கோப்பு மறுநாளே திரும்பி வந்தது. "உடனடியாக நிறைவேற்றுக" என்று மூன்று சொல் கூட இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். "உமக்கு இரக்கம் ஜாஸ்தி" என்று சிரித்தார் மேலதிகாரி. காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆட்களோடு போனேன். ஓரமாக இருந்த ஒரு குடிசையில் வயதான அம்மா ஒருத்தி உலை வைத்திருந்தாள். "ஐயா, சோறு வேகட்டும். வடிச்சு எடுத்துக்கறேன். அப்புறம் நானே எறங்கிடறேன்" என்றாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மதியத்துக்குள் முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். பதில் சொல்லாமல் அடுத்த குடிசைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பின்னால் வந்தவர்கள் கூரையைச் சரித்தார்கள். பானை கவிழ்ந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். "நான்தான் குறிப்பு எழுதினேனே" என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பின் நகல்கூட வெகுநாள் என்னிடம் இருந்தது. நல்லவன் என்பதற்குச் சான்றிதழ் மாதிரி வைத்திருந்தேன். ஓய்வு பெற்று, பழைய காகிதங்களைக் கிழித்துப் போடும்போது அது கையில் வந்தது. படித்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இருபது வருஷம் கழித்து.

சோற்றுப்பானையும் அறுபத்தைந்து தலையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. நான் மயுசுமி இல்லை, அந்த ஏரிக்கரை தோனேயின் மேல்தளமும் இல்லை. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டு இடத்திலும் ஓடிய இயந்திரம் ஒன்றே. மேலிடத்துக்கு ஒரு மனு. மேலிடத்திலிருந்து ஒரு மறுப்பு. மனசுக்கு ஒரு சமாதானம். பிறகு வேலை. என் கையில் அன்று கொடுத்தது சின்ன வேலை, அதுதான் என் அதிர்ஷ்டம். பெரிய வேலையைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் "பாவம், உத்தரவு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மயுசுமியைக் காப்பாற்ற அவர்கள் அதைச் சொல்லவில்லை. மயுசுமி யாரோ எவரோ. அவரவர் குறிப்பின் நகலைக் காப்பாற்றவே சொல்கிறார்கள்.

எங்கள் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரும் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து முப்பது முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர்கள். அதில் பெரும்பாலான உத்தரவு நியாயமானது. அரசாங்கமோ வங்கியோ பள்ளிக்கூடமோ அப்படித்தான் ஓடும், ஓடவேண்டும். ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு உத்தரவையும் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் நடக்காது. இதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: முப்பது வருஷத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ, எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துச் செய்யவேண்டிய உத்தரவு ஒன்று வரும். வரும்போது நமக்கே தெரியும். நெஞ்சு சொல்லிவிடும். அன்றைக்குக் குறிப்பு எழுதினால் போதாது. கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விலை உண்டு. இடமாற்றம், இன்கிரிமென்ட் வெட்டு, "இவன் வேலைக்கு ஆகமாட்டான்" என்ற பெயர். அந்த விலையைக் கொடுக்காமல் நல்லவன் என்ற பட்டம் மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

குதோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அவரை வாட்ஸப்பில் சுற்றவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் செய்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. அவர் பழைய கப்பலான இகாசுச்சி, அவர் வேறு கப்பலுக்கு மாறிப்போன பிறகு, 1944 ஏப்ரலில் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கி ஒருவர்கூட மிஞ்சாமல் மூழ்கியது. ஏணி பிடித்த அந்தக் கைகள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. அதன் பிறகு அவர் எதையும் பேசவில்லை. நல்ல காரியம் செய்தவருக்கு நகல் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. அரைப் பக்கம் எழுதிய நான் இருபது வருஷம் பத்திரப்படுத்தினேன்.

மீயி என்ற அந்த அதிகாரியின் பெயரில் எந்த வாட்ஸப் கதையும் எனக்கு இதுவரை வரவில்லை. வராது. அவர் யாரையும் கடலிலிருந்து தூக்கவில்லை, பதக்கம் வாங்கவில்லை. "நான் செய்யமாட்டேன்" என்றார், அவ்வளவுதான். அதில் கண்ணீர் வர ஒன்றுமில்லை. ஆனால் நம்மைப் போன்ற சாதாரண உத்தியோகஸ்தர்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரம் அதுதான். பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்லும்போது குதோவை மட்டும் சொல்லாதீர்கள். மீயியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயுசுமியையும் சொல்லுங்கள், ஆனால் "பாவம்" என்ற சொல்லைச் சேர்க்காமல் சொல்லுங்கள்.

வங்கி நண்பர் மூன்று நாளாக வேறு பெஞ்சில் உட்காருகிறார். நாளைக்கு நானே போய்ப் பேசுவேன். கத்தியதற்கு மன்னிப்பு கேட்பேன். சொன்னதற்கு இல்லை.